சுமை தாங்கும் சுவரை எடுக்கும்போது அதற்குள் ஓடும் குழாய்களை எப்படி மாற்றுவது?

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுமை தாங்கும் சுவரை எடுத்துவிட்டு உத்தரம் போடப் போகிறீர்கள். மாடிக் குளியலறையின் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகின்றன, அவற்றை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் வரும் குழாய்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அழுத்தம் இருப்பதால் மேலே ஏறியும் வளைந்தும் போகும். தலைவலி கழிவுநீர்க் குழாய்தான். அது சரிவை மட்டுமே நம்பி ஓடுகிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இறக்கம் வையுங்கள். 4 மீட்டர் தள்ளி இன்னொரு சுவருக்குக் கொண்டுபோனால் இறக்கத்துக்கு 8 சென்டிமீட்டர், குழாயின் விட்டம் 11 சென்டிமீட்டர், ஆக 19 சென்டிமீட்டர் இடம் கூரைக்குக் கீழே வேண்டும். அந்தப் பாதையின் குறுக்கே புதிய உத்தரம் வந்தால்? "ஒரு துளை போட்டுக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கான்கிரீட் உத்தரத்தைப் பிறகு துளைத்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுபடலாம். துளை தேவையென்றால் எங்கே, எவ்வளவு பெரிது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்திலேயே குறித்திருக்க வேண்டும். ஆகவே அவரையும் பிளம்பரையும் ஒரே நாளில் வரவழைத்துப் பேசவையுங்கள். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

திருப்பத்தில் ஒரே 90 பாகை வளைவுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை வளைவுகள் நல்லது. பக்கத்திலேயே அடைப்பெடுக்கத் திறப்பு ஒன்று இருக்கட்டும். கழிவுநீர்க் குழாயின் காற்றை வெளியே விடும் காற்றுப்போக்கிக் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். விட்டுவிட்டால் வீட்டுக்குள் நாற்றம் வரும்.

புதிய பாதையை முடித்து, நீர் நிரப்பிக் கசிவு பார்த்த பிறகே பழைய குழாயைத் துண்டியுங்கள். இருபுறமும் முட்டுக் கொடுக்கும்வரை சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது.