கப்பல் நர்சரியில் இரண்டு வயதுக் குழந்தை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். மகளுக்கு 7 வயது. மகனுக்கு அப்போது 2 வயது 10 மாதம் ஆகியிருக்கும். இருவரையும் கிட்ஸ் கிளப்பில் இலவசமாக விடலாம் என்கிறார் ஏஜென்ட். சரியா?
*– வாசகி, உட்லண்ட்ஸ்*

பதில்: மகளை விடலாம், மகனை விட முடியாது. கிட்ஸ் கிளப் வேறு, நர்சரி வேறு. ராயல் கரீபியன் கப்பல்களில் ‘அட்வென்ச்சர் ஓஷன்’ கிளப் 3 வயது நிரம்பியவர்களுக்குத்தான். இரவு 10 மணி வரை அதற்குக் கட்டணம் இல்லை. 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்குத் தனி நர்சரி, மணிக்கணக்கில் கட்டணம். அந்த நிறுவனத்தின் எல்லாக் கப்பல்களிலும் நர்சரி கிடையாது என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்னி கப்பல்களிலும் 3 வயதுதான் எல்லை. அங்கே நர்சரிக்கு முதல் குழந்தைக்கு மணிக்கு 9 அமெரிக்க டாலர், உடன்பிறந்த குழந்தைக்கு 8 டாலர் என்பது வழக்கமான கட்டணம். தினம் 3 மணி நேரம் வீதம் நான்கு நாள் என்றால் ஒரு குழந்தைக்கு 108 டாலர். இது கேபின் கணக்கில் ஏறி, இறங்கும்போது பில்லில் வரும்.

“ரெண்டு மாசம்தானே குறைவு” என்று கேட்டுப் பயனில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி அவர்கள் கணினியில் இருக்கும்.

நர்சரியில் இடம் மிகக் குறைவு. முன்பதிவு வசதி இருந்தால் பயணப் பணம் முழுவதும் கட்டியதும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலில் ஏறியதும் பஃபேவுக்குப் போகாமல் நேரே நர்சரிக்குப் போங்கள். சாப்பாடு மாலை வரை இருக்கும். இரவு உணவு நேரத்து நர்சரி இடங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.

கேள்வி: பெண்ணுக்கு 3 வயது முடிந்துவிட்டது. பகலில் டயப்பர் இல்லை, தூங்கும்போது மட்டும் போடுகிறோம். கிளப்பில் சேர்ப்பார்களா?
*– வாசகர், கிள்ளான்*

பதில்: விழித்திருக்கும் நேரத்தில் டயப்பரோ புல்-அப்ஸோ இல்லாமல் இருந்தால் சேர்ப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குழந்தை “வருது” என்று சொல்லும், நாம் கூட்டிப்போய்க் கழுவிவிடுவோம். கிளப்பில் யாரும் கழுவிவிட மாட்டார்கள். தானே போய், தானே துடைத்து, ஜட்டியை ஏற்றிக்கொண்டு, கை கழுவி வரவேண்டும். அங்கே கைக்குழாய் இருக்காது, டிஷ்யூதான். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஈர டிஷ்யூவால் முன்னிருந்து பின்னாகத் துடைக்கப் பழக்குங்கள். நாடா கட்டும் பாவாடை, இறுக்கமான பொத்தான் வைத்த ஜீன்ஸ் வேண்டாம். எலாஸ்டிக் வைத்த உடை போதும். “பாத்ரூம்”, “டாய்லெட்” என்ற சொற்களில் ஒன்றையாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “ஆய்”, “மூச்சா” என்றால் அங்குள்ளவர்களுக்குப் புரியாது. ஒரு முறை நனைத்துவிட்டால் உங்களைக் கூப்பிடுவார்கள். அதுவே மறுபடி மறுபடி நடந்தால் கிளப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. என்னைவிட்டு ஐந்து நிமிடம் இருக்கமாட்டான். நர்சரியில் விட்டால் என்ன ஆகும்?
*– வாசகி, தாம்பரம்*

பதில்: அழுவான். அந்த வயதில் அது இயல்பு. நர்சரியில் கொஞ்ச நேரம் தேற்றிப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் உங்களை அழைப்பார்கள், நீங்கள் போய்க் கூட்டிவர வேண்டும். அதனால் முதல் நாளே இரண்டு மணி நேர நாடகக் காட்சிக்கு இடம் பிடித்துவிட்டுக் குழந்தையை விடாதீர்கள். கப்பல் ஏறிய அன்று, பெற்றோரும் உள்ளே வர அனுமதிக்கும் நேரத்தில் அவனோடு அரை மணி உட்கார்ந்து விளையாடுங்கள். மறுநாள் காலை, தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பிறகு, ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். அவன் பொம்மையைப் பார்க்கும் சமயம் நழுவிவிடாதீர்கள். திரும்பிப் பார்த்து நீங்கள் இல்லையென்றால் அடுத்த முறை வாசலிலேயே உங்கள் காலைப் பிடித்துக்கொள்வான். “அம்மா போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். அவன் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் போர்வையையோ துணியையோ துவைக்காமல் கொண்டுபோங்கள். வீட்டு வாசனைதான் அதில் அவனுக்குத் தெம்பு.

பையில் இவை இருக்கட்டும்: மூன்று மணி நேரத்துக்கு 3 டயப்பர், ஈர டிஷ்யூ, மாற்றுடை 2 செட், பால் அல்லது தண்ணீர் பாட்டில். எல்லாவற்றிலும் பெயரும் கேபின் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். பதிவு செய்யும்போது கூட்டிப்போக வருபவர்களின் பெயர்களைக் கொடுப்பீர்கள். தாத்தா பாட்டி உடன் வந்தால் அவர்கள் பெயரையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சொந்தப் பாட்டியிடமும் குழந்தையைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கேள்வி: வீட்டில் அரைத்த சத்துமாவு, ரசம் சாதம் கொண்டுபோகலாமா?
*– வாசகி, ஈப்போ*

பதில்: சமைத்த உணவைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். டப்பாவில் அடைத்த வீட்டு மாவும் சோதனையில் நிற்கலாம். கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாக்கெட்டும் ஃபார்முலா பாலும் பிரச்சினை தராது. கெட்டில், எலெக்ட்ரிக் குக்கர் கொண்டுபோகாதீர்கள். சூடேற்றும் சாதனங்கள் தீ அபாயம் என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். பாட்டிலைச் சுத்தப்படுத்த, குளிர்ந்த நீரிலேயே கரையும் ஸ்டெரிலைசிங் மாத்திரை போதும். முதல் இரவே உணவக மேற்பார்வையாளரிடம் காரமில்லாத சாதம், பருப்பு, தயிர் வேண்டும் என்று சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து தயாராக இருக்கும்.

கேள்வி: கடல் ஆட்டத்தால் வரும் வாந்திக்கு, குழந்தைக்கு முன்கூட்டியே அவோமின் மாத்திரை கொடுக்கலாமா?
*– வாசகர், மதுரை*

பதில்: 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள ப்ரோமெத்தசின் சின்னக் குழந்தைகளின் மூச்சையே மட்டுப்படுத்திவிடலாம். 2 வயதுக்கு மேல் என்றாலும் குழந்தை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். உண்மையில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல் ஆட்டத்தால் வாந்தி வருவது அரிது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுத்தால் ஆட்டமும் குறையும்.

குழந்தை வாந்தி எடுத்தால் ஆட்டம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், வேகமாகப் பரவும் வயிற்றுக் கிருமியான நோரோவைரஸாக இருக்கலாம். மறைத்து நர்சரியில் விட்டால் அங்கிருக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் பரவும். கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறிகுறி நின்று குறைந்தது 24 மணி நேரமாவது கேபினில் வைத்திருங்கள். கையில் தடவும் சானிடைசர் இந்த வைரஸை ஒழுங்காகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

கேள்வி: நீச்சல் டயப்பர் போட்டால் குளத்தில் இறக்கலாமா?
*– வாசகி, ஜூரோங்*

பதில்: கூடாது. நீச்சல் டயப்பர் மலத்தை ஓரளவு தாங்கும். கிருமி கலப்பதைத் தடுக்காது. டயப்பர் குழந்தைகளுக்கென்று சில கப்பல்களில் தனி நீர் விளையாட்டுப் பகுதி உண்டு, அங்கே மட்டும் விடலாம்.