யூ.எஸ்.பி. அடப்டர் பி.எல்.சி.யுடன் பேச மறுக்கும்போது: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

அரிசி ஆலை, நீரேற்று நிலையம், ஐஸ் ஆலை என்று கேள்விகள் வந்த இடங்கள் வெவ்வேறானவை என்றாலும், தடுமாற்றம் ஒன்றே: ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யுடனோ மானிகளுடனோ மடிக்கணினியை இணைக்கும் யூ.எஸ்.பி. அடப்டர் சரியாகப் பேசுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் வலையமைப்பில் அடப்டரைச் சொருகிய கணமே உங்கள் மடிக்கணினியும் அந்த வலையமைப்பின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. ஆகவே எதையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள் என்பதே எல்லோரிடமும் நான் வைக்கும் வேண்டுகோள்.

கேள்வி (கிண்ணியா, அரிசி ஆலை): மலிவாக வாங்கிய ஆர்.எஸ்.-485 (ஆலைக் கருவிகள் இரண்டு வயர்களில் தரவு அனுப்பும் முறை) அடப்டரைச் சொருகினால், விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணமும் "கோட் 10" என்ற பிழையும் தெரிகின்றன. ஆலையின் வயரிங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கணினி அடப்டரையே இயக்க முடியாமல் நிற்கிறது. வயரிங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. புரொலிஃபிக் பி.எல்.2303 வகைச் சிப்பின் பழைய பதிப்புகளையும் போலிகளையும் புதிய விண்டோஸ் டிரைவர்கள் ஏற்பதில்லை என்பதால் இந்தப் பிழை அடிக்கடி தோன்றுகிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய டிரைவரை ஏற்றித் தற்காலிகமாக ஓட்டலாம். ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட்டுடன் அது மீண்டும் நின்றுவிடக்கூடும். ஆலை இயந்திரத்துக்குப் பயன்படுத்துவதென்றால், மின்தனிமைப்படுத்தல் (கணினிக்கும் ஆலைக் கருவிக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லாமை) உள்ள நல்ல அடப்டர் ஒன்றை வாங்குவதே முறை.

கேள்வி (சீனக்குடா, பொதியிடும் பிரிவு): சீமென்ஸ் எஸ்7-300 பி.எல்.சி.யின் சொந்தச் சொக்கெட்டில் எம்.பி.ஐ. (சீமென்ஸ் கருவிகளின் தொடர்பு வலையமைப்பு) அடப்டர் வேலை செய்கிறது. டச் பனலுக்கு அருகில், கருவிகளை இணைக்கும் பொதுக் கேபிளான பஸ்ஸின் பிளக்கின் முதுகில் சொருகினால் விளக்குக்கூட எரிவதில்லை. சில வேளைகளில் பி.எல்.சி.யிலும் தொடர்பு கிடைப்பதில்லை. முகவரியையும் வேகத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: விளக்கு எரியாததன் காரணம் எளிது. பழைய வகை அடப்டர்கள் தமக்குத் தேவையான 24 வோல்ட்டை பி.எல்.சி.யின் ஒன்பது முனைச் சொக்கெட்டில் 2ஆம், 7ஆம் முனைகளிலிருந்து பெறுகின்றன. பஸ் கேபிளுக்குள் செல்பவையோ தரவுக்கான இரண்டு வயர்கள் மட்டுமே என்பதால், தொலைவிலுள்ள பிளக்குக்கு அந்த 24 வோல்ட் வந்து சேருவதில்லை. அங்கே சொருக வேண்டுமானால் யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் பெறும் புதிய வகை அடப்டர் தேவை.

முகவரியைக் குருட்டுத்தனமாக மாற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எம்.பி.ஐ. வலையமைப்பில் வழக்கமான வேகம் 187.5 கிலோபிட், பி.எல்.சி.யின் வழக்கமான முகவரி 2, நிரலிடும் கணினிக்கு ஒதுக்கப்பட்டது 0. ஏற்கெனவே வேறொரு கருவி வைத்திருக்கும் முகவரியை உங்கள் மடிக்கணினிக்குக் கொடுத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பனலும் தொடர்பை இழக்கக்கூடும். அமைப்புப் பக்கத்தில் "பஸ்ஸில் இந்தக் கணினி மட்டுமே மாஸ்டர்" (தொடர்பைத் தானே தொடங்கும் கருவி) என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். பனல் உள்ள இடத்தில் அதில் சரி அடையாளம் இடாதீர்கள். இட்டால் பஸ்ஸில் சேரும்போது நடக்கும் கூடுதல் பாதுகாப்புச் சோதனைகள் நின்றுவிடும்.

பிளக்கின் மேலுள்ள சிறிய முடிவுத்தடை (கம்பியின் கடைசியில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) ஆளியையும் பாருங்கள். கம்பியின் இரு கடைசி முனைகளில் மட்டுமே அது "ஒன்" நிலையில் இருக்க வேண்டும். சீமென்ஸ் பிளக்குகளில் அதை "ஒன்" செய்தால் வெளிச்செல்லும் கம்பி உள்ளேயே துண்டிக்கப்படுவதால், நடுவிலுள்ள பிளக்கில் யாரோ விரலால் தட்டிவிட்ட ஆளி, அதற்கு அப்பாலுள்ள கருவிகள் அனைத்தையும் வலையமைப்பிலிருந்து பிரித்துவிடும்.

கேள்வி (மூதூர், நீரேற்று நிலையம்): கருவிகள் தரவு பரிமாறும் மொட்பஸ் முறையில், ஆர்.எஸ்.-485 வயர்கள் வழியாக மின்மானிகளை வாசிக்கிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. ஓடத் தொடங்கியதும் பதில்கள் விட்டுவிட்டு வருகின்றன.

பதில்: முதலில் எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, ஏ, பி வயர்களுக்கிடையே மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் முடிவுத்தடை இருந்தால் 60 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். 120க்கு அருகில் காட்டினால் ஒரு தடை இல்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்ததாக, சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியை பற்றரியில் ஓட்டுங்கள். அப்போது பிழைகள் குறைந்தால், நில இணைப்பு வழியாக மின்னோட்டம் சுற்றுகிறது என்று கொள்ளலாம். ஆர்.எஸ்.-485 கருவிகள் தமது நில மட்டத்துக்கு எதிராக -7 முதல் +12 வோல்ட் வரையான வேறுபாட்டையே தாங்க வேண்டுமென நியமம் வரையறுக்கிறது. எனவே இரண்டு வயர்களுடன் மூன்றாவதாக, கருவிகளின் நில மட்டங்களை இணைக்கும் பொதுவயரையும் இழுங்கள். அடப்டர் மின்தனிமைப்படுத்தல் உள்ளதாக இருக்கட்டும். மோட்டார் கேபிளுடன் ஒரே குழாயில் தரவு வயர் செல்கிறதா என்பதையும் பாருங்கள். சென்றால் எந்த அடப்டராலும் முழுமையாகக் காப்பாற்ற முடியாது, பாதையையே பிரிக்க வேண்டும்.

கேள்வி (கந்தளாய்): நேற்று கொம்3 (கணினி அடப்டருக்கு இடும் துவார எண்) ஆக இருந்த அடப்டர் இன்று கொம்11 என்று வருகிறது, பழைய மென்பொருளுக்கு அது தெரியவில்லை.

பதில்: வேறு யூ.எஸ்.பி. துவாரத்தில் சொருகியிருப்பீர்கள். டிவைஸ் மனேஜரில் மேம்பட்ட அமைப்புக்குள் சென்று சிறிய எண்ணை ஒதுக்குங்கள். அடப்டருக்குள் இருப்பது எஃப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் சிப் என்றால், அதே பக்கத்தில் 16 மில்லிசெக்கன் என்றிருக்கும் தாமத நேரத்தை 1 ஆக்குங்கள். வாசிப்பு விரைவாவதை உடனே காண்பீர்கள்.

கேள்வி (கொட்பே அருகே, ஐஸ் ஆலை): பிளக்கை அசைத்தால் தொடர்பு வருகிறது, விட்டால் போகிறது.

பதில்: டோர்ச் வெளிச்சத்தில் முனைகளைப் பாருங்கள், பச்சைப் படிவு இருந்தால் அது கடற்காற்றின் உப்பரிப்பு. மின்முனைகளைத் துப்புரவாக்கும் திரவத்தால் துடைப்பது சில வாரங்களுக்கே உதவும். பிளக்கை மாற்றுங்கள், பயன்படுத்தாத சொக்கெட்டை மூடியிட்டு அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கும்போது அடப்டரைச் சொருகியபடியே விட்டுச் செல்ல வேண்டாம்.