பிசாசுக்கு உடம்பு கிடையாது

கேள்வி: என் அக்காவுக்கு 63 வயது. பல ஆண்டுகளாகச் சீனி வருத்தம் இருக்கிறது. அண்மைக்காலமாக ஒரு வீட்டுச் செபக்கூட்டத்துக்குப் போய்வருகிறார். ஆதாம் மண்ணும் மூச்சுமாகப் படைக்கப்பட்டான், மண் பிசாசின் பங்கு, மூச்சு மட்டுமே தேவனின் பங்கு, மாம்சத்தைப் பட்டினி போட்டால்தான் ஆவி வளரும் என்று அங்கே போதிக்கிறார்களாம். இந்தத் தவக்காலத்தில் குளிசைகளையும் நிறுத்திவிட்டார். படைப்பு வரலாறு அப்படித்தான் சொல்கிறதா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சொல்லவில்லை. ஆனால் வேதாகமத்தைத் திறப்பதற்கு முன் குளிசையைக் கவனியுங்கள். அக்காவை நாளைக்கே அவர் வழமையாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். பட்டினி கிடக்கும் உடம்புக்குப் பழைய அளவிலேயே குளிசை கொடுப்பதும் ஆபத்து. அளவை வைத்தியர் சொல்லட்டும். மிச்சத்தைத் திரும்பி வந்து வாசித்தாலும் போதும்.

இனி ஆதாம். ஆண்டவர் மண்ணால் மனிதனை உருவாக்கி, அவன் மூக்கில் உயிர்மூச்சை ஊதினார், மனிதன் உயிருள்ளவன் ஆனான் என்கிறது தொடக்கநூல் 2:7. பிசாசுக்கு இதில் பங்கு எழுதிக் கொடுத்தது யார்? மண்ணைக் கையில் எடுத்தவரும் ஊதியவரும் ஒருவர்தானே. தாம் உண்டாக்கிய அனைத்தையும் பார்த்து மிகவும் நன்று என்று கடவுள் கண்டதாக முதல் அதிகாரம் முடிகிறது; மண்ணை மட்டும் அவர் விலக்கி வைக்கவில்லை. மூச்சுதான் தேவனின் பங்கு என்று பிடிவாதம் பிடித்தால் வேறொரு சிக்கலும் வரும். நோவா காலத்து வெள்ளத்தில் மடிந்தவற்றைச் சொல்லும்போது, பறவை, கால்நடை, ஊர்வன, மனிதர் என்று எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து, மூக்கில் உயிர்மூச்சு இருந்தவை என்கிறது அதே நூல் (7:21-22). அப்படியானால் ஜம்பட்டா வீதிக் காகத்துக்கும் தேவனில் பங்கு உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. செபக்கூட்டத்தாருக்கு இருக்கும்.

ஏதேனில் கனி கண்ணுக்கு அழகாகவும் உண்ணச் சுவையாகவும் தோன்றியது உண்மைதான். ஆனாலும் பாம்பு வீசிய தூண்டில் "கடவுளைப் போல் ஆவீர்கள்" என்பது. அந்த ஆசை வயிற்றில் பிறப்பதில்லை. மாம்சத்தின் செயல்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய மடலில் (5:19-21) பவுல் ஒரு பட்டியல் தருகிறாரே, அதை அக்காவோடு உட்கார்ந்து வாசியுங்கள். காமமும் குடிவெறியும் அதில் இருக்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் பகைமை, சச்சரவு, பொறாமை, சினம், கட்சி கட்டுதல், பிளவு, அழுக்காறு என்றுதான் போகிறது. இவை அத்தனையையும் ஒரு பருக்கை சோறு உண்ணாமலே செய்யலாம். பட்டினி கிடந்தால் சினம் கொஞ்சம் கூடவே வரும். பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியரான புனித அகுஸ்தீனார் இதை இன்னும் நறுக்கென்று கேட்டார்: பாவத்துக்கெல்லாம் காரணம் மாம்சம் என்றால், மாம்சமே இல்லாத பிசாசு எப்படிக் கெட்டான்? உடலை இருளின் படைப்பு என்று சொன்ன மானியின் சமயத்தில் ஒன்பது ஆண்டு இருந்துவிட்டு வந்தவர் அவர். அந்தச் சரக்கின் தரம் அவருக்குத் தெரியும்.

ஆக, அக்கா கேட்டுவரும் போதனை புதியதல்ல. திருச்சபை ஏற்கெனவே கேட்டுத் தள்ளியதுதான். உலகைப் படைத்தவன் தாழ்ந்த ஒரு கடவுள், உடலுக்கு மீட்பே இல்லை என்று 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் போதித்தார். கப்பல் முதலாளி, உரோமைச் சபைக்கு 2 இலட்சம் செஸ்டர்ஸ் (உரோமை நாணயம்) காணிக்கை கொடுத்திருந்தார். 144 அளவில் அவரை வெளியேற்றியபோது அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். (காணிக்கை திரும்பிப் போன கதை சபை வரலாற்றில் அடிக்கடி வருவதில்லை.) அதற்கும் முன்னே, கிறிஸ்துவுக்கு மெய்யான உடல் இல்லை என்றவர்களைப் பற்றி அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ஸ்மிர்னா சபைக்கு எழுதினார். அவர் வைத்த குற்றச்சாட்டைப் பாருங்கள்: அவர்களுக்கு விதவையைப் பற்றியும் அநாதையைப் பற்றியும் கவலை இல்லை, பசித்தவனைப் பற்றியும் இல்லை. உடலைக் குப்பை என்று சொல்லத் தொடங்கியவன் அடுத்தவன் பசியையும் குப்பையில் போட்டுவிடுவான் என்பதை அந்த மனிதர் அப்போதே கண்டுகொண்டார். உங்கள் அக்காவின் நோயைக் கேட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் யாராவது "சாப்பிட்டீர்களா?" என்று விசாரித்தார்களா?

செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர்களில் உங்கள் அக்காவும் ஒருவராகவே இருப்பார். அங்கே பேழையில் வைத்து வணங்கப்படுவது புனித அந்தோனியாரின் நாவின் ஒரு சிறு துண்டு. நாக்கு மாம்சம்தான். மண் பிசாசின் பங்கு என்றால் அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் எதை வணங்கப் போகிறார்கள்?

நோன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல பழக்கம், பழைய பழக்கம். ஆனால் கத்தோலிக்கச் சட்டப்படி கட்டாய நோன்பு நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. அந்தக் கட்டாயமும் 60ஆம் வயது தொடங்கும்போது முடிந்துவிடுகிறது. 63 வயது நோயாளிக்குத் திருச்சபை விதிக்காத சுமையை ஒரு வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு விதிக்க இவர்கள் யார்? யாயீரின் மகளை உயிர்ப்பித்த கையோடு இயேசு சொன்னது, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதுதான். உயிர்த்தெழுந்த பிறகு சீடர்கள் முன்னால் பொரித்த மீனை வாங்கித் தின்று காட்டியவரும் அவரே.

வைத்தியம் விசுவாசக் குறைவு என்று கூட்டத்தலைவர் வாதாட வந்தால், திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல் 5:23ஐ எடுத்து அவர் கையில் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிராதே, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் நோய்களுக்காகவும் கொஞ்சம் திராட்சை மதுவும் சேர்த்துக்கொள் என்று அதில் எழுதியிருக்கிறது. வாசிப்பதற்கு அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினால், அதையும் விசாரியுங்கள்.