புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸை மறுபடி போட்டுப் பார்த்தும் சரியாகவில்லை. என்ன செய்வது?

முதலில், இன்னொரு தடவை விண்டோஸ் போடாதீர்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் செட்டிங்ஸ்) திரைக்குள் போய் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கேயே ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை இது. ஆனாலும் ரீஸ்டார்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஃபார்மட் போடச் சொல்லும் பழக்கம் கடைகளில் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் காசு வாங்கிக்கொண்டு, கோளாறை அப்படியே திருப்பி அனுப்புகிறார்கள்.

கேள்வியில் பார்ட்ஸ் விவரம் இல்லை. இரண்டு ராம் ஸ்டிக், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள சாதாரண டெஸ்க்டாப் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விண்டோஸ் வரை போகிறது என்றால், ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி’யில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை (விண்டோஸ் நின்றுபோகும்போது காட்டும் பிழைத் திரை) வந்தால் அது நிற்கும், படிக்கலாம். அடுத்து விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் லாகில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைத் தேடுங்கள். அந்த 41ஐ மட்டும் பார்த்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி) போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘பக்செக்கோட்’ என்று ஒரு எண் இருக்கும், விஷயம் அதில்தான். 0 என்றால் நீலத்திரைகூடப் பதிவாகாமல் ஒரேயடியாக நின்றிருக்கிறது. கரண்ட் பக்கம் முதலில் பாருங்கள். 26 என்றால் ராமைச் சந்தேகிக்கலாம். 292 என்றால் ஹார்டுவேர் பிழையை ப்ராசஸரே சொல்கிறது.

டிரைவர்தான் காரணமாக இருக்கும் என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் டிரைவர் கோளாறு பெரும்பாலும் நீலத்திரையையும் ஒரு எண்ணையும் விட்டுவிட்டுத்தான் போகும்.

திரையில் எதுவுமே வராமல் இரண்டு நொடி ஓடி, அணைந்து, மறுபடி ஓடுகிறது என்றால் கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான். சுவிட்சை அணைத்து, பவர் கார்டைக் கழற்றிய பிறகு திறங்கள். மதர்போர்டின் மேல் இடது மூலையில் ப்ராசஸருக்கான 8 பின் கனெக்டர் இருக்கும். அதற்கு வரும் கேபிள் 4+4 ஆகப் பிரியும். 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கானது, மாற்றிச் சொருகக் கூடாது. ராம் இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். இரு முனையிலும் ‘டக்’ என்று உட்கார வேண்டும். மதர்போர்டுக்கு அடியில் உள்ள பித்தளை ஸ்டாண்டாஃப்களையும் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்கள்) பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால், அது பின்பக்கச் சால்டரில் இடித்து ஷார்ட் ஆகும். டிடிஆர்5 ராம் என்றால் இன்னொன்று: முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், திரை கறுப்பாகவே இருக்கும். பத்து நிமிடம் பொறுங்கள். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பலரும் பார்க்காமல் விடுவது கேபினட்டின் ரீசெட் பட்டன். மலிவான கேபினட்டில் அது உள்ளே சிக்கிக்கொண்டால் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது போலவே இருக்கும். போர்டின் கீழ் ஓரத்தில் ரீசெட் ஒயரை மட்டும் உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

கேம் திறந்தால் மட்டும் நடக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிதாக 450 வாட் என்று போட்டிருப்பதை விடுங்கள், 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 18 ஆம்ப் என்றால் 18 × 12 = 216 வாட்தான் அங்கே கிடைக்கும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். கேபினட்டோடு சேர்த்து ‘ஃப்ரீ’ என்று தலையில் கட்டப்படும் எஸ்எம்பிஎஸ்களில் நடக்கும் ஏமாற்று இது. அறுபதாயிரம் கொடுத்து வாங்கும் மெஷினில் எண்ணூறு ரூபாய்ப் பொருளைச் சொருகி அனுப்புவது அநியாயம். மல்டிமீட்டர் 12.1 வோல்ட் காட்டுவதால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று வாதிடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு திடீரென இழுக்கும்போது மில்லிசெகண்டுக்குள் விழுந்து எழும் வோல்டேஜை அந்த மீட்டர் பிடிக்காது. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலையைச் சொருகாமல் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். முனை பொருந்தும், பின் வரிசை மாறியிருக்கும், டிஸ்க் கருகிவிடும்.

சூடும் லோடில், அதாவது கனமான வேலை கொடுக்கும்போதுதான் தெரியும். லோடு ஏற்றிய சில நொடிகளில் 100 டிகிரியைத் தொட்டால் கூலரைக் கழற்றுங்கள். அடியில் உள்ள பாதுகாப்பு பிளாஸ்டிக் ஒட்டை உரிக்காமலே மாட்டியிருக்கலாம். இன்டெல் ஸ்டாக் கூலரின் நான்கு கால்களில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் இதே கதைதான். ரைசன் 7000 வரிசையில் சில ப்ராசஸர்கள் முழு லோடில் 95 டிகிரி போவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும் ரைசன் மெஷின்களுக்கு பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிப்பிகல் கரண்ட் ஐடில்’ ஆக்குங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை என்றால் பயாஸை உடனே புதுப்பியுங்கள். அதிக வோல்டேஜால் ப்ராசஸர் தேயும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தம் கொடுத்தது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. அதற்கு வாரண்டிதான் வழி. அதையும் இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள்.

நேரம் காலமில்லாமல் நடந்தால் ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயாஸில் அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் ராம் வேகம்தான் காரணம். நிற்காவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும், ஸ்டிக்கை ஒவ்வொன்றாகப் போட்டு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் கம்ப்யூட்டரில் தேடாதீர்கள். கரண்ட் நின்றபின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ‘ஈகோ’, ‘யுபிஎஸ்’ என்று சுவிட்ச் இருந்தால் வேகமாக மாறும் யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேமிங் கார்டுக்குப் போதாது. கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இழுத்தால் எர்த் இல்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாரண்டிக்குக் கொண்டுபோகும் முன் 41 பதிவின் டீட்டெய்ல்ஸ் பக்கத்தையும் மெம்டெஸ்ட் திரையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது” என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் காட்டுவதற்கு உதவும்.