டிரஸ்ட் இல்லாமல் கலை ஆலோசகர் ஆக முடியாதா?

கேள்வி: பெங்களூரு மர்பி டவுனில் வசிக்கிறேன். வயது 37. தனியார் பள்ளியில் பரதநாட்டிய ஆசிரியை. பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் கலைத் திட்டங்கள் வகுத்துக் கொடுத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தரும் ஆலோசகராக ஆசை. ஒரு ஏஜென்ட், "முதலில் டிரஸ்ட் பதிவு செய்யுங்கள் மேடம். 75,000 ரூபாயில் எல்லாம் முடித்து, கம்பெனிகளின் சமூகப் பணி நிதியான சிஎஸ்ஆர் பணமும் வாங்கித் தருகிறேன். வருவதில் 20 சதவீதம் எனக்கு" என்கிறார். பதிவு செய்யலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அந்த ஆள் மூலம் எப்போதுமே வேண்டாம்.

நீங்கள் செய்யப்போவது ஆலோசனையும் பயிற்சியும். அதற்கு உங்கள் பான் கார்டும் ஒரு வங்கிக் கணக்கும் போதும். உங்கள் பெயரிலேயே பில் போடுங்கள். பள்ளி வழக்கமாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி தொல்லை இல்லை. டிரஸ்ட் என்று வந்துவிட்டால் அதில் விழும் பணம் உங்களுடையது அல்ல. வேலைக்கு நியாயமான ஊதியம் எடுக்கலாம், அவ்வளவுதான். வீட்டு வாடகை இடிக்கிறதே என்று கைவைக்க முடியாது.

இனி ஏஜென்ட் விஷயம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, ஓரளவு பெரிய கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஏஜென்ட் உங்களிடம் காட்டியது இந்த ஒரு வரியைத்தான். காட்டாமல் விட்டது: வெளி அமைப்பு ஒன்று அந்தப் பணத்தை வாங்கிச் செலவிட 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளும், கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். அதோடு அதே வகைப் பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். நேற்றுப் பிறந்த டிரஸ்டுக்கு ஏது 3 ஆண்டு?

இதைக் கேட்டால் அவரிடம் அடுத்த சரக்கு தயாராக இருக்கும். "பழைய டிரஸ்ட் ஒன்று கைவசம் இருக்கிறது, உங்களை டிரஸ்டியாகப் போட்டுவிடலாம்." தயவுசெய்து ஓடிவிடுங்கள். அந்த டிரஸ்ட் எத்தனை ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யவில்லை, யாரிடம் நன்கொடை வாங்கியது, எதற்கு ரசீது கொடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. நோட்டீஸ் வரும்போது பெயர்ப் பலகையில் இருப்பது நீங்கள். சரி, அந்த 20 சதவீதத்தைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? பொய் பில்தான் போட வேண்டும், அதில் கையெழுத்து உங்களுடையது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக்கூட இவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டு ஆயிரக்கணக்கில் கறக்கும் தளங்களை வருடக்கணக்காக ஒருவரும் தட்டிக்கேட்பதில்லை. முறையாக நடப்பவருக்குத்தான் ஒவ்வொரு மேஜையிலும் "நாளைக்கு வாங்க".

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு உதவப்போவது அதுதான். அந்த 3 ஆண்டு விதியெல்லாம் கம்பெனி தன் சார்பில் திட்டத்தை நடத்த வெளி அமைப்பு ஒன்றிடம் பணத்தை ஒப்படைக்கும்போதுதான். கம்பெனி தானே நேரடியாகவும் திட்டம் நடத்தலாம். ஒரு ஐடி கம்பெனி அல்சூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கலை வகுப்பு நடத்த முடிவு செய்து உங்களைப் பயிற்றுநராக அழைக்கிறது என்றால், நீங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர், அவ்வளவே. பில், டிடிஎஸ், முடிந்தது. 12ஏ வேண்டாம், 80ஜி வேண்டாம். ஏற்கெனவே எல்லாப் பதிவும் உள்ள ஒரு டிரஸ்ட் உங்களை அமர்த்திக்கொண்டாலும் இதே கதைதான். ஆனால் அதே கம்பெனி தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் நாட்டிய வகுப்பு கேட்டால், அது சிஎஸ்ஆரில் வராது. அந்தப் பணம் வேறு பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் முதலீடு உங்கள் திட்டத் தாள்தான். நாட்டியம் தெரியும் என்பது வேறு, திட்டம் போடத் தெரியும் என்பது வேறு. ஏழாம் வகுப்புக்குப் பறை அறிமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலைத் தீயில் வாட்டினால்தான் பறை சரியாக ஒலிக்கும். பள்ளி வளாகத்தில் தீ எங்கே மூட்டுவது, தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதி உண்டா, பக்கத்து வகுப்பில் அந்த நேரம் தேர்வு இருக்கிறதா? கலைஞருக்கு ஊதியம் அன்றே கையில் கிடைக்குமா, ஆட்டோ வாடகை யார் கணக்கு? அவர் போன பிறகு அதே பாடத்தைக் கணக்கு டீச்சர் தாள எண்ணிக்கை வைத்து எப்படித் தொடர்வார்? இத்தனையும் இரண்டு பக்கத்தில் அடங்கினால் உங்களை மறுபடி கூப்பிடுவார்கள். சிபிஎஸ்இ பள்ளிகள் கலையைப் பாடத்தோடு இணைத்தே ஆக வேண்டும். 2020 கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 10 நாள் புத்தகப்பை இல்லாத நாட்கள் என்கிறது. ஆணை இருக்கிறது, எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

அரசுப் பள்ளி என்றால் கன்னடத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பிஇஓ (வட்டாரக் கல்வி அதிகாரி) அலுவலகம், எஸ்டிஎம்சி (பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு) கூட்டம் எதிலும் ஆங்கிலக் கடிதம் நகராது. பெங்களூரிலேயே இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நல்கை தருகிறது. கர்நாடக அரசுப் பள்ளிகளுக்கென்றே 'கலி-கலிசு' என்ற திட்டமும் நடத்துகிறது. தனிநபர்களும் விண்ணப்பிக்கலாம். மத்திய கலாசார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் 25 முதல் 40 வயதுக்காரர்களுக்கு, 2 ஆண்டு, மாதம் 10,000 ரூபாய். பெங்களூரில் இந்தப் பணத்துக்கு ஒற்றை அறை கிடைத்தால் அதிசயம். ஆனாலும் உங்களுக்கு வயது இருக்கிறது, போட்டு வையுங்கள்.

வேலையை உடனே விடாதீர்கள். உங்கள் நியமன ஆணையில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சனிக்கிழமைகளில் தொடங்கி, இரண்டு பள்ளியாவது பணம் கொடுத்த பிறகு யோசிக்கலாம்.

அப்புறம், அந்த ஏஜென்டிடம் ஆதார், பான் நகல் ஏற்கெனவே கொடுத்திருந்தால், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, பயன்படுத்த வேண்டாம் என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து எடுத்திருந்தால், அந்தப் பென்டிரைவ் போன்ற டோக்கனை அவர் கையிலிருந்து முதலில் வாங்குங்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், அது திரும்பி வருகிறதா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.