மாடிகள் கூடினால் வடசென்னையில் வாடகை குறையுமா?

தண்டையார்பேட்டையில் உங்கள் தெருவில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டுவதால் வாடகை குறையுமா, நெரிசல்தான் மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொந்த வீட்டுக்காரர் என்றே எடுத்துக்கொள்கிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் நெரிசலைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார்கள்.

மாடிகள் உயர்ந்தும் குடும்பங்கள் குறைவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருந்தது ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் இருந்த ஸ்டோர் வீடு. நடுவில் நீண்ட நடை, இருபுறமும் ஓர் அறையும் அடுப்படியுமாகப் பத்துப் போர்ஷன்கள், முற்றத்தில் ஓர் அடிபம்பு. வீட்டுக்காரர் காலமானபின் வாரிசுகள் மனையை ஒரு பில்டரிடம் கொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், எஃப்.எஸ்.ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தியிருந்தன. அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். அந்தக் கணக்கில் எழுந்தது, கீழே கார் நிறுத்தமும் மேலே மூன்று மாடிகளில் ஆறு ஃபிளாட்டுகளும். பத்துக் குடும்பங்கள் இருந்த இடத்தில் ஆறு. அதிலும் ஒன்று பூட்டியே கிடக்கிறது. எங்களில் ஒருவராலும் அங்கே திரும்ப முடியவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்து விற்ற பக்கத்துப் போர்ஷன் அக்கா மீஞ்சூருக்குப் போனார். விடியுமுன் நடக்கும் ஏலத்துக்கு அங்கிருந்து வந்து சேர வழியில்லாமல் வியாபாரத்தையே விட்டுவிட்டார்.

ஸ்டோர் வீட்டைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பத்துக் குடும்பத்துக்கு இரண்டே கழிப்பறை என்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை. பில்டரையும் நான் திட்டவில்லை. வங்கிக் கடனோடு வருகிறவர் இரண்டு படுக்கையறை கேட்கிறார், பில்டர் அதைக் கட்டுகிறார். புது ஃபிளாட்டுக்குப் போகிறவர் காலி செய்யும் பழைய வீடு இன்னொருவருக்குக் கிடைக்கும், அதனால் காலப்போக்கில் வாடகை தணியும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வதையும் மறுக்கவில்லை. ஆனால் மெட்ரோ 2021இல் வடசென்னை வழியாக விம்கோ நகர் வரை வந்தபின், பில்டர்களின் கண் இங்கே விழுந்து, காலியாகும் அந்தப் பழைய வீடே இடிபடக் காத்திருக்கிறதே!

அட்வான்ஸ் தொல்லை தனி. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸாகச் சொல்கிறது; கொருக்குப்பேட்டையில் வீடு தேடியபோது என்னிடம் பத்து மாதம் கேட்டார்கள். அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, வெளியே தங்குவதற்கென்று குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை தருகிறார்கள். மாதம் 6,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் 60,000 ஆகிறது. அரசு கொடுப்பது அதில் பாதிக்கும் காணாது.

ஆகவே, உயரத்தை எதிர்த்து மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதைச் சற்று மாற்றி எழுதுங்கள். இடிக்குமுன் எத்தனை குடும்பங்கள் இருந்தன, கட்டியபின் எத்தனை இருக்கும், அவற்றில் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும்படி 400 சதுர அடிக்குள் எத்தனை வீடுகள் என்பதைத் திட்ட அனுமதியிலேயே குறிப்பிட வேண்டும் என்று கேளுங்கள். அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். உயரத்தை மட்டும் எதிர்த்து நீங்கள் வென்றாலும் மூன்று மாடி இரண்டாகும், ஆறு ஃபிளாட் நான்காகும், அவ்வளவுதான்.