நீளமுடிக் கொண்டையில் உச்சந்தலை பஃப்: கேள்வி பதில்

இன்றைக்கு ஒரே விஷயம்தான்: நீளமான முடியைத் தூக்கிக் கட்டும்போது உச்சந்தலை சப்பையாகப் படியாமல் பஃப்பாக நிற்க என்ன செய்வது. உச்சந்தலை என்று நான் எழுதுவது சுழி இருக்கும் பகுதியை. நெற்றிக்கு மேலே வரும் முன்முடியை அல்ல. முடி உதிர்வு, கலர், கட்டிங் பற்றிய கேள்விகளை இங்கே எடுக்கவில்லை.

நீளிழை: இடுப்புக்குக் கீழ வரைக்கும் முடி. கொண்டை போட்டு முடிச்சதும் பஃப் அழகா இருக்கு. ஒரு மணி நேரத்துல இறங்கிடுது. ஸ்ப்ரே அடிச்சும் நிக்கல. என்ன தப்பு பண்றேன் அக்கா?

ஸ்ப்ரேயில் தப்பில்லை, பாரத்தில் இருக்கிறது. எல்லா முடியையும் ஒரே ரப்பர் பேண்டில் திரட்டி அதையே கொண்டையாகச் சுற்றினால், கொண்டையின் மொத்த எடையும் உச்சந்தலை முடியைப் பின்னாலும் கீழேயும் இழுத்துக்கொண்டே இருக்கும். தோள் வரை முடி உள்ளவர்களுக்கு அந்த இழுப்பு தெரியாது. இடுப்பைத் தாண்டிய முடிக்கு நன்றாகவே தெரியும். அதனால் நீளமுடிக்கு முதல் வேலை பஃப் வைப்பது இல்லை, பாரத்தைப் பிரிப்பது.

நன்றாகக் காய்ந்த முடியில் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு, வால் சீப்பால் மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு காதின் மேல்நுனியிலிருந்து தலைக்கு மேலாக மறு காது வரை ஒரு கோடு எடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது முன்பங்கு. கோட்டுக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு வளைவு, நான்கு விரல் ஆழத்துக்கு: அது உச்சிப்பங்கு. இரண்டையும் கிளிப் போட்டு முன்னால் ஒதுக்குங்கள். மீதி எல்லாம் அடிப்பங்கு.

அடிப்பங்கை மட்டும் கொண்டை வரவேண்டிய இடத்தில் போனி டெயிலாகக் கட்டுங்கள். இடம் தெரியாவிட்டால் தாடையிலிருந்து காதின் மேல்நுனி வழியாக ஒரு கோட்டை மனதில் நீட்டிப் பாருங்கள். அது தலையின் பின்புறத்தைத் தொடும் இடத்துக்கு ஒரு விரல் கீழே கட்டினால் சரியாக வரும். இந்தக் கட்டுதான் தூண். இனி எடை முழுவதும் இதன் மேல் இறங்கவேண்டும்.

தூணுக்கு நேர் மேலே ஒரு ஸ்டஃபிங் வையுங்கள், அதாவது முடிக்கு அடியில் வைத்து உயரம் கொடுக்கும் திண்டு. நான்கு விரல் நீளம், இரண்டு விரல் கனம் போதும். இரு பக்கமும் இரண்டிரண்டு ஹேர்பின்னைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகக் குத்துங்கள். இப்போது உச்சிப்பங்கை அதன் மேல் கொண்டுவந்து, மேற்பரப்பை மட்டும் மென்மையான பிரஷால் தடவிவிடுங்கள். ரப்பர் பேண்டை நெருங்கியதும் முடியை ஒரு கையில் திரட்டி, அரைச் சுற்று முறுக்கி, ஒரு செ.மீ. முன்னோக்கித் தள்ளிப் பிடியுங்கள். அந்த ஒரு செ.மீ.தான் உங்களுக்கு உயரம் தருவது. அப்படியே ஹேர்பின்னைக் குறுக்காகப் போடுங்கள். அதன் முனை ரப்பர் பேண்டுக்குள் நுழையவேண்டும். வெறும் முடியில் குத்தினால் வழுக்கும்.

பிறகு முன்பங்கைத் தளர்வாகப் பின்னால் கொண்டுவந்து சேருங்கள். கொண்டையை முதலில் அடிப்பங்கில் சுற்றி முடித்துவிட்டு, உச்சிப்பங்கின் நீளத்தையும் முன்பங்கின் நீளத்தையும் கடைசியில் அதன் மேல் சுற்றுங்கள். அப்போது அவற்றின் எடையையும் தூண் தாங்கும்.

மெல்லிழை: எனக்கு முடி நீளம், ஆனா ரொம்ப மெல்லிசு. தூக்கினா மண்டை தெரியுது.

உங்களுக்கு ஸ்டஃபிங் பெரிதாக இருந்தால் ஆபத்து. அதன் மேல் முடி விரிந்து இடைவெளி விழும், உள்ளே இருப்பது தெரியும். ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாதீர்கள், முடியின் நிறத்திலேயே இருக்கட்டும். பங்கு பிரிக்கும் கோட்டை நேராக எடுக்காமல் வளைத்து வளைத்து எடுங்கள். நேர்கோடுதான் தலைத்தோலைக் காட்டிக்கொடுப்பது.

மற்ற வேலை முடி உலரும்போதே நடக்கவேண்டும். முடி நனையும்போது அதற்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும், உலரும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே திரும்பச் சேரும். உச்சந்தலை முடியைப் படியவிட்டு உலர்த்தினால் அது படிந்தே இருக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் உச்சிப்பங்கை 4 செ.மீ. விட்டமுள்ள வெல்க்ரோ ரோலரில், நேர் மேலாக அல்ல, முகத்தை நோக்கிச் சற்று முன்னால் சாய்த்துப் பிடித்து வேர் வரை சுற்றுங்கள். டிரையர் காட்டுங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகுதான் கழற்றவேண்டும். சூட்டோடு கழற்றினால் உயரம் கால் மணி நேரத்தில் போய்விடும். வேரிலிருந்து எழும்பும் முடியை முன்னால் சாய்த்து உலர்த்திவிட்டுப் பின்னால் திருப்பும்போதுதான் அது எதிர்த்து நிற்கும். பஃப் என்பது அந்த எதிர்ப்புதான்.

புதுக்கை: எந்த ஹேர் ஸ்ப்ரே நல்லது?

25 முதல் 30 செ.மீ. தள்ளி அடித்தால் நடுத்தரப் பிடிப்புள்ள எதுவும் போதும். கிட்டே அடித்தால் முடி ஈரமாகி, ஈரமானது படிந்துவிடும்.

இருசுழி: உச்சந்தலைல ரெண்டு சுழி. எப்படித் தூக்கினாலும் நடுவுல பிளந்துக்குது.

சுழியில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை, வட்டமாக விரிகிறது. அதை ஒரே பக்கமாக இழுத்தால் பிளக்கத்தான் செய்யும். ஈரமாக இருக்கும்போது டிரையரைக் காட்டிக்கொண்டே அந்த இடத்தை இடம், வலம், முன், பின் என்று மாறி மாறிச் சீவி உலர்த்துங்கள். வேரின் திசைப் பழக்கம் அழியும். கட்டும்போது சுழிக்கு இரண்டு விரல் முன்னாலிருந்து ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து அதன் மேல் மூடிப் போடுங்கள். காது வரைக் கோடு சுழியின் மேலேயே விழுந்தால் என்ன செய்தாலும் பிளவு தெரியும், கோட்டை முன்னால் நகர்த்துங்கள்.

பின்கட்டு: எல்லாருக்கும் ஸ்டஃபிங் ஸ்டஃபிங்னு சொல்றீங்க. பேக் கோம்பிங், அதான் முடியை வேரை நோக்கித் திருப்பிச் சீவுறது, அது இல்லாம பஃப்பே கிடையாது. 1960ல வந்த பீஹைவ், தேன்கூடு மாதிரி உயரமா நிக்கிற கொண்டை, அது முழுக்க பேக் கோம்பிங்தானே?

பீஹைவ் அமெரிக்க சிகை அலங்காரக் கலைஞர் மார்கரெட் வின்சி ஹெல்ட் 1960ல் உருவாக்கியது. பேக் கோம்பிங் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1900களில், முன்முடியை உயரமாகத் தூக்கிப் பின்னால் சீவும் பாம்படூர் கொண்டையை நிறுத்தியது ஸ்டஃபிங். சீப்பில் வரும் சொந்த முடியை மூடி போட்ட கிண்ணத்தில் சேர்த்துவைத்து, உருட்டி, உள்ளே வைத்தார்கள். நீளமுடிக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. காரணம் இருக்கிறது.

முடியின் மேல்தோல் ஓட்டுக்கூரை மாதிரி நுனியை நோக்கி அடுக்கிய செதில்கள். பேக் கோம்பிங்கில் சீப்பு அதற்கு எதிர்த் திசையில் போகிறது. செதில் தூக்கி நிற்பதால்தான் முடியோடு முடி பின்னிக்கொண்டு பிடிப்பு கிடைக்கிறது. அதே தூக்கலால்தான் சேதமும். பிடிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு சேதத்தை விட முடியாது.

பின்கட்டு: நாம பண்றது வேர்கிட்ட மட்டும். அது புது முடி, பலமாதான் இருக்கும். நுனிதான் பழசு. கணக்கு சரியா இல்லையே?

நல்ல கேள்வி, பாதி உண்மையும் கூட. முடி மாதம் சுமார் ஒரு செ.மீ. வளர்கிறது. 90 செ.மீ. முடியின் நுனிக்கு ஏழெட்டு வயது. வேர்ப்பக்கம் புத்தம் புதிது, ஒரு நாள் பேக் கோம்பிங்கைத் தாங்கும். ஆனால் வாரத்தில் நான்கு நாள், அதே உச்சந்தலை, அதே 5 செ.மீ. அந்த இடத்தில் ஒரு முடி ஒடிந்தால் போவது 5 செ.மீ. அல்ல, அங்கிருந்து நுனி வரை இருக்கும் 85 செ.மீ. அது திரும்ப வர ஏழு வருஷம். நுனி ஒடிந்தால் ஒரு செ.மீ. நஷ்டம், வேர்ப்பக்கம் ஒடிந்தால் முழு முடியும் நஷ்டம். அதுமட்டுமில்லை, ஒடிந்த குட்டை முடிகள் உச்சந்தலையில் குத்திட்டு நிற்கும். அதை அமுக்க இன்னும் ஸ்ப்ரே, இன்னும் சீப்பு.

நெளிவு: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ரெண்டும் வேண்டாம், முடியை நெளி நெளியாக்குற கிரிம்பிங் அயர்ன் போதும். உள் அடுக்குல வேர்ல 5 செ.மீ. கிரிம்ப் பண்ணா நாள் முழுக்க நிக்குது.

இது பேக் கோம்பிங்கை விட மேல். சின்ன நெளிவுள்ள பிளேட்டாக இருந்தால், மேல் அடுக்கைத் தொடாமல் விட்டால், வெளியே தெரியாது. 150 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஹீட் புரொடெக்டர் இல்லாமல் வேண்டாம், தலைத்தோலிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி. தினமும் செய்யும் முறை இதுவும் அல்ல.

பின்கட்டு: ஸ்டஃபிங் நழுவி வெளிய தெரிஞ்சா கேவலமா இருக்கும். பேக் கோம்பிங் நழுவாது.

நழுவுவது ஸ்டஃபிங்கின் குணம் அல்ல, அதைத் தூணில் கட்டாததன் விளைவு. பட்டுத்துணி போல வழுக்கும் ஸ்டஃபிங்கை வாங்காதீர்கள். சொரசொரப்பான வலை போட்டது தலையில் கவ்விக்கொள்ளும்.

விசேஷத்துக்கு ஒரு நாள் பேக் கோம்பிங் செய்யத்தான் வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் முறையாக. 2 செ.மீ. கனமுள்ள அடுக்கு. முடியை முன்பக்கம் சாய்த்து விறைப்பாகப் பிடியுங்கள். வேரிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் சீப்பை வைத்து வேரை நோக்கித் தள்ளுங்கள். சீப்பை வெளியே எடுத்து மறுபடி தள்ளுங்கள். மூன்று தடவை, ஒரே திசை. மேலும் கீழுமாக அறுப்பதுதான் முடிச்சு போடுவது. ஈர முடியில் ஒருபோதும் கூடாது: ஈரத்தில் முடி இழுபட்டு அறும். கோட்டை ஒட்டிய முதல் அடுக்கைத் தொடாதீர்கள், அதுதான் மூடி.

புதுக்கை 2: ஸ்ப்ரே பிராண்ட் சொல்லுங்களேன்.

மேலே பதில் இருக்கிறது.

சுருள்: சுருட்டை முடி, இடுப்பு வரை. எனக்கும் இதே முறைதானா?

பங்கு பிரிப்பது அதேதான். ஸ்டஃபிங், பேக் கோம்பிங், கிரிம்பிங் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. சுருளே ஸ்டஃபிங். உச்சிப்பங்கைப் பிரஷால் இழுத்து நீட்டாதீர்கள், விரலால் கோதிப் பின்னால் கொண்டுவாருங்கள்.

அவசரம்: ஏற்கெனவே போனி டெயில் கட்டியாச்சு. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

ஒரு கையால் ரப்பர் பேண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரலால் உச்சந்தலையில் ஒரு விரலில் கால்வாசி கனமுள்ள இழைகளாகக் கிள்ளி, அரை செ.மீ. மேலே இழுங்கள். நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் முண்டு தெரியும்.

குத்தூசி: ஹேர்பின் போட்ட இடம் பள்ளமாகி பஃப்பை அமுக்குது.

ஹேர்பின் இரண்டு காலும் ஒட்டி அழுத்துவது, அதன் வேலை அது. தூணில் பிடிப்புக்கு மட்டும் அது, நெளிந்த கால் தலைத்தோல் பக்கம். பஃப்பின் மேல் இரண்டு காலும் விலகி நிற்கும் யூ பின்தான் போடவேண்டும். அதைப் போடுவதில் ஒரு நுணுக்கம். பின்னின் முனை கொண்டையிலிருந்து வெளிப்பக்கம் பார்க்க, கொண்டை ஓரத்தில் ஒரு சிறு இழையைக் கோத்தெடுங்கள். தலைத்தோலைத் தொடும்வரை செங்குத்தாக இறக்குங்கள். பிறகு அப்படியே கவிழ்த்து முனையைக் கொண்டையின் மையத்தை நோக்கித் திருப்பி உள்ளே தள்ளுங்கள். கவிழும்போது கொண்டை இழையும் அடிமுடியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின்னைக் கவிழ்க்காமல் நேராகக் குத்துவதால்தான் பலருக்கு யூ பின் விழுகிறது.

நெற்றிப்பொட்டு: தினமும் கொண்டை. நெற்றிப்பொட்டு கிட்ட வலி, முடியும் விலகி வருது. பஃப் பெருசா வச்சா மறைக்கலாமா?

மறைக்காதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடர்ந்து இழுபடுவதால் முடி போவது ஆரம்பத்தில் திரும்பும், வருஷக்கணக்கில் விட்டால் திரும்பாது. மற்ற எல்லோருக்கும் இதே எச்சரிக்கை: முன்பங்கில் இறுக்கம் கூடவே கூடாது. கொண்டை போட்டதும் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். தோல் விறைப்பாக இழுபட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

மூன்றாங்கை: குளிச்சவுடனே போடலாமா? அப்புறம் நல்ல ஸ்ப்ரே எது?

முதலாவதற்கு: முந்தின நாள் அலசிய முடி நல்லது, சற்று சொரசொரப்பு இருக்கும். இன்றே அலசியிருந்தால் முழுக்கக் காயவைத்து, வேரில் டிரை ஷாம்பு கொஞ்சம் தூவுங்கள். எண்ணெய் வைத்த தலையில் எந்த முறையும் நிற்காது. இரண்டாவதற்கு மேலே இரண்டு முறை பதில் சொல்லியாயிற்று.

பின்கட்டு: கடைசியா ஒண்ணு. விசேஷ நாள் முடிஞ்சு பேக் கோம்பிங்கை எப்படி எடுக்கிறது? அப்படியே குளிச்சா சரியாகிடுமா?

கூடாது! சேதத்தில் பெரும்பகுதி போடும்போது அல்ல, எடுக்கும்போதுதான் நடக்கிறது. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. நனைந்தால் முடிச்சு இறுகும். முதலில் பின் எல்லாவற்றையும் எண்ணி எடுங்கள், ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் சீப்பு அதில் இழுக்கும். காய்ந்த முடியிலேயே கண்டிஷனரை உள்ளங்கையில் தேய்த்து, சிக்கான இடத்தில் பூசிப் பத்து நிமிஷம் விடுங்கள். மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொரு அடுக்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே வாருங்கள். சிக்கு உள்ள 5 செ.மீ.யைச் சீப்புக்கு முன்னால் விரலால் பிரியுங்கள். எல்லா அடுக்கிலும் சீப்பு தடையில்லாமல் ஓடிய பிறகுதான் தலையில் தண்ணீர்.